ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மூன்றாம் நாளாக, வியாழக்கிழமை காலையிலும் அங்காளம்மா இட்லியைத் தொடவில்லை. தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போன கேன்டீன் பெண், "ஏழாம் பெட் அம்மாவுக்கு நம்ம சாப்பாடு புடிக்கல போல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெயக்கொடி தலையை மட்டும் ஆட்டினாள். அப்போது அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் அவள் ஆறு வருடமாக நர்ஸ். பெண்கள் வார்டில் பதினெட்டுப் படுக்கைகள். அக்டோபர் கடைசி வாரம், விட்டு விட்டு மழை. பதினெட்டில் பதினொன்று காய்ச்சல் கேஸ். காலை ஷிப்டுக்கு இரண்டு நர்ஸ், ஒரு ஆயா. அன்றைக்கு ஆயா வரவில்லை. அனகாபுத்தூரில் அவள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

ஆயா வராததால் உடம்பு துடைப்பது, வாய் சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பு மாற்றுவது எல்லாம் நர்ஸுகள் தலையில் விழுந்தன. ஜெயக்கொடி ஒன்றிலிருந்து ஒன்பது வரை எடுத்துக்கொண்டாள். ஏழாம் படுக்கைக்கு வரும்போது மணி எட்டே முக்கால்.

அங்காளம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. கோவளம் பக்கத்துக் குப்பம். விடியலில் நாலைந்து பெண்கள் சேர்ந்து லோடு ஆட்டோ பிடித்து, மீன் கூடைகளோடு பம்மல் மார்க்கெட்டுக்கு வந்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை சங்கரா மீனை வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே கூடைமேல் சரிந்துவிட்டாள். பக்கத்துக் கடைப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் போட்டு இங்கே கொண்டுவந்தார்கள். கடுமையான காய்ச்சல். ரத்தத்தில் வெள்ளையணு குறைவு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் குறைவு. அந்த மாதத்தில் அப்படி வந்தவர்கள் எல்லோரையும் போல அவளையும் டெங்கு சந்தேகம் என்று சேர்த்துக்கொண்டார்கள். டெங்கு பரிசோதனையில் இல்லை என்று வந்தது. சில சமயம் முதலில் அப்படித்தான் வரும், மறுபடி பார்க்கலாம் என்று எழுதி வைத்திருந்தது.

"அம்மா, கொஞ்சம் வாயத் தொறங்க. துடைச்சு விடறேன்" என்றாள் ஜெயக்கொடி. கையில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் இருந்தன.

அங்காளம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"துடைக்கலன்னா நாத்தம் அடிக்கும்மா. அப்புறம் சாப்பாடே புடிக்காது."

"எரியுது சிஸ்டர். தொடாத."

"எங்க எரியுது?"

"எங்கன்னு சொல்றது? வாய் பூரா நெருப்பு கீற மாதிரி கீது. பச்சத்தண்ணி குடிச்சாலே எரியுது. இட்லிய எங்க துன்றது?"

"எத்தன நாளா?"

"மார்க்கெட்ல சாஞ்சு வியறதுக்கு மின்னாடியே கீது. நேத்து சாயங்காலம் வந்த பொண்ணாண்ட சொன்னேன். காச்சல்ல அப்படித்தான் இருக்கும்னுச்சு."

ஜெயக்கொடி டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தாள். கன்னத்தின் உட்புறம் இரண்டு பக்கமும் தோல் உரிந்து ரத்தச் சிவப்பாக இருந்தது. நாக்குக்கு அடியில் வெள்ளைத் திட்டுகள். ஈறு ஓரத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. காய்ச்சலில் வாய் காய்வதை அவள் நூறு பேரிடம் பார்த்திருக்கிறாள். இது அது இல்லை. உள்ளேயிருந்து வெந்தது போல இருந்தது.

துணியை அழுத்தாமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அங்காளம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

ஒன்பது மணிக்கு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு மறுபடி ஏழாம் படுக்கைக்கு வந்தாள். மருந்துத் தாளில் அங்காளம்மாவுக்குக் காலையில் மூன்று மாத்திரைகள். காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. மூன்றாவது, வீட்டிலிருந்து கொண்டுவந்த மூட்டுவலி மாத்திரை: மெத்தோட்ரெக்சேட் பத்து மில்லிகிராம், தினம் காலை ஒன்று. அதற்குக் கீழே இன்னொரு வரி. ஃபோலிக் ஆசிட், ஞாயிறு மட்டும் ஒன்று.

செவ்வாய்க்கிழமை அந்த வரியைப் பார்த்தபோதே அவளுக்கு ஒரு கணம் உறுத்தியது. ஃபோலிக் ஆசிட் ஒரு சாதாரண வைட்டமின்; கர்ப்பிணிகளுக்கெல்லாம் தினம் கொடுப்பது. அதை ஏன் ஞாயிறு மட்டும்? யோசித்துக்கொண்டே நின்றபோது பதினாலாம் படுக்கையில் மணி அடித்தது. போய்விட்டாள். திரும்பி வந்தபோது எல்லாம் சரிபார்த்தாள். ஆள் சரி, மருந்துப் பெயர் சரி, அளவு சரி, நேரம் சரி. தாளில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே கொடுத்தாள். புதன்கிழமையும் கொடுத்தாள்.

இன்றைக்கு, அங்காளம்மாவின் மகன் பையிலிருந்து எடுத்துத் தந்திருந்த மாத்திரையைச் சின்னக் கப்பில் போட்டுவிட்டு, அதைக் கொடுக்காமல் நின்றாள்.

நர்ஸ் மேசையில் அட்டை கிழிந்த மருந்துக் கையேடு ஒன்று இருந்தது. எடுத்துப் புரட்டினாள். மூட்டு வாதத்துக்கு இந்த மருந்து வாரத்துக்கு ஒரு தடவைதான். தினமும் போனால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களைச் செய்வதை நிறுத்திவிடும். முதல் அடையாளம் வாய்ப்புண். கூடவே தினம் ஃபோலிக் ஆசிட் கொடுக்க வேண்டும். ஜெயக்கொடி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

அங்காளம்மாவின் மகன் வடிவேலு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். மூன்று நாளாகப் போகவில்லை.

"அண்ணா, அம்மாவோட மாத்திரைப் பை எங்க?"

அவன் மடியில் வைத்திருந்த மஞ்சள் பையிலிருந்து இரண்டு காகித உறைகளை எடுத்தான். ஒன்றில் 'தினம் காலை' என்றும், மற்றொன்றில் 'ஞாயிறு' என்றும் பால்பாயின்ட் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இரண்டுக்குள்ளும் இருந்தவை மஞ்சள் நிறச் சின்ன மாத்திரைகள்.

"இது மெடிக்கல் ஷாப்ல எழுதினதா?"

"இல்ல சிஸ்டர், நான் எயுதினது. அன்னிக்கு மழைல வூட்டுக்குள்ளார தண்ணி பூந்துகினு பையெல்லாம் நனஞ்சிருச்சு. கடக்காரன் குட்த்த கவரு கூழாப் போச்சு. அத்தான் வேற கவரு வாங்கிப் போட்டு எயுதி வச்சேன். ஏன்?"

"எது தினம், எது ஞாயிறுன்னு எப்படித் தெரிஞ்சது?"

வடிவேலு யோசித்தான். "நெறய இருந்தது தினம்தான இருக்கும். இதுல ரெண்டு அட்ட கிட்டத்தட்ட முழுசா இருந்துச்சு. அதுல கொஞ்சம்தான் இருந்துச்சு."

ஜெயக்கொடி எண்ணிப் பார்த்தாள். மூட்டு டாக்டரின் சீட்டு பைக்குள்ளேயே மடிந்து கிடந்தது. தேதி பார்த்தால் இருபத்தேழு நாள். நடுவில் நாலு ஞாயிறு. கடையில் அட்டையை வெட்டித் தராமல் முழுசாக இரண்டு கொடுத்திருக்கிறார்கள். இருபது மாத்திரையில் பதினாறு மீதி இருக்க வேண்டும். கப்பில் போட்டிருந்ததையும் சேர்த்து ஆறுதான் இருந்தன. முதல் இரண்டு ஞாயிறு சரியாகப் போயிருக்கிறது; அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளாகத் தினம் ஒன்று.

"அண்ணா, இத நானே வச்சிக்கறேன். நான் சொல்ற வரைக்கும் அம்மாவுக்கு நீங்களா எதுவும் குடுக்க வேணாம்."

"இன்னா சிஸ்டர் ஆச்சு?"

"டாக்டரக் கேட்டுட்டு வந்து சொல்றேன். கண்டிப்பா சொல்றேன்."

டூட்டி டாக்டர் ஹேமநாத் கீழே அவசர சிகிச்சையில் இருந்தார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். ஜெயக்கொடி போனில் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், பைக் ஆக்சிடென்ட் ஒண்ணு வந்திருக்கு. அர்ஜென்ட்டா?"

"ஏழாம் பெட் சார். மெத்தோட்ரெக்சேட் தினமும்னு இருக்கு. வாரம் ஒண்ணுதான் குடுக்கணும். வாய் பூரா புண்ணு."

"டெங்குலயும் வாய்ல வரும் சிஸ்டர்."

"கவுன்ட் குறைஞ்சதும் இதனாலதான் இருக்கும்னு தோணுது சார். மூட்டு டாக்டர் சீட்டுல வாரம் ஒண்ணுன்னுதான் இருக்கு. வீட்டுல கவர் மாறிடுச்சு."

மறுமுனையில் யாரோ வலியில் கத்துவது கேட்டது. பிறகு ஹேமநாத்தின் குரல் தாழ்ந்து வந்தது. "அட்மிஷன் அன்னைக்கு ஹிஸ்டரி எழுதினது நான்தான?"

"ஆமா சார்."

"அந்தப் பையன் தினம்னு சொன்னான். மூணு அட்மிஷன் ஒண்ணா வந்துச்சு..." நிறுத்திக்கொண்டார். "ராஜகோபால் சார் பதினொண்ணுக்கு வருவார். அதுவரைக்கும்..."

"இன்னைக்கு டோஸ் நான் குடுக்கல சார். நிறுத்தி வச்சிருக்குன்னு எழுதிக்கறேன்."

"எழுதுங்க. குடுக்காதீங்க. நான் வரேன்."

வார்டு பொறுப்பாளர் ஷீலா சிஸ்டர் இதையெல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இருபது வருடம் இந்த வேலையில் இருப்பவள். மருந்துத் தாளை இழுத்துப் பார்த்தாள். செவ்வாய், புதன் இரண்டு கட்டத்திலும் ஜெயக்கொடியின் கையெழுத்து.

"இது ரெண்டும் நீ குடுத்தது."

"ஆமா சிஸ்டர்."

"ஆர்டர் எழுதினது டாக்டர். சொன்னது பையன். ஆனா கேள்வி வந்தா முதல்ல இந்தக் கையெழுத்தத்தான் பார்ப்பாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

ஷீலா சிஸ்டர் தன் போனை எடுத்து, பெரிய டாக்டர் ராஜகோபாலைத் தானே கூப்பிட்டாள். "பதினொண்ணு வரைக்கும் எதுக்கு உட்கார்ந்திருக்கணும்" என்றாள், எரிச்சலோடு, யாரையும் பார்க்காமல்.

ராஜகோபால் பத்து மணிக்கே வந்துவிட்டார். குரோம்பேட்டையிலிருந்து வரும் வழியில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலிலிருந்தே போனில் சொல்லி, ரத்தம் எடுக்க வைத்திருந்தார். வெள்ளையணு தொள்ளாயிரம். நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது. தட்டணு முப்பதாயிரம். அங்காளம்மாவின் வாயைப் பார்த்தார், உறைகளைப் பார்த்தார், மீதியிருந்த ஆறு மாத்திரைகளைப் பார்த்தார்.

"இது டெங்கு இல்ல" என்றார். "மாத்திரை."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அந்த மாத்திரையின் வேகத்தை முறிக்கும் ஊசி மருந்து இங்கே இருப்பில் இல்லை. ஹேமநாத் மூன்று இடங்களுக்குப் போன் செய்து மேடவாக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் இருப்பதைக் கண்டுபிடித்து, மருத்துவமனை வண்டியை அனுப்பி வரவழைத்தார். மதியம் ஒன்றரைக்கு முதல் ஊசி போட்டாயிற்று. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தொடர வேண்டும். அங்காளம்மாவை வார்டின் கடைசியில் இருந்த தனி அறைக்கு மாற்றினார்கள். வெள்ளையணு இவ்வளவு குறைந்தவர்களுக்கு ஒரு சாதாரணச் சளிகூட உயிருக்கு ஆபத்து.

வடிவேலுவிடம் ராஜகோபால் சுருக்கமாகத்தான் பேசினார். 'மாத்திரை அதிகமாப் போயிடுச்சு, பார்த்துக்கலாம்' என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் புரியவில்லை. டாக்டர் போன பிறகு அவன் ஜெயக்கொடியைத் தேடி வந்தான். அவள் அவனை மாடிப்படித் திருப்பத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கேதான் ஆள் நடமாட்டம் குறைவு.

"சொல்றேன்னு சொன்னியே சிஸ்டர்."

"அந்தக் கவர் ரெண்டும் மாறிடுச்சு அண்ணா. வாரம் ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரைய அம்மா தினமும் சாப்பிட்டிருக்காங்க. அதுல ரத்தம் ஊறுறது நின்னு போச்சு. காய்ச்சல், வாய்ப்புண்ணு எல்லாம் அதனாலதான்."

அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "நான் எயுதின கவரு."

"ஆமா."

"நான்தான் தினம் காலீல தண்ணி மோந்து குட்த்தேன். மறந்துரக்கூடாதுன்னு போன்ல அலாரம் வச்சிக்கினு குட்த்தேன், சிஸ்டர்." அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "கடல்ல இருந்தாக்கூட பொண்டாட்டிக்குப் போனு போட்டு, குட்த்தியா குட்த்தியான்னு கேட்டுக்கினு இருந்தேன்."

"அண்ணா, இங்க பாருங்க. வீட்டுல பத்து நாள் நீங்க குடுத்தீங்க. இங்க ரெண்டு நாள் நான் குடுத்தேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"செவ்வாய், புதன். என் கையாலதான் குடுத்தேன். தாள்ல அப்படி எழுதியிருந்துச்சு, குடுத்தேன். அது எனக்கு முதல் நாளே கொஞ்சம் உறுத்துச்சு. நின்னு பார்த்திருக்கணும். பார்க்கல. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் படிச்சவ."

கீழே வாசலில் ஆம்புலன்ஸ் பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"இத ஏன் என்னாண்ட சொல்ற?"

"நீங்க தெரிஞ்சுக்கணும். வேற எப்படியாவது தெரிஞ்சா நல்லா இருக்காது."

"பொயக்குமா?"

"இன்னும் ஒரு வாரம் கஷ்டம். அதுக்குள்ள வேற கிருமி எதுவும் தொத்தாம இருந்தா பிழைச்சுக்குவாங்க. அதுக்கு உங்க கை எனக்கு வேணும். வாங்க, கை கழுவறது எப்படின்னு காட்டறேன்."

அவள் அவனுக்குக் காட்டினாள். விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண், மணிக்கட்டு வரை. அவன் வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகளைச் சோப்பு நுரைக்குள் திருப்பித் திருப்பித் தேய்த்தான். அறைக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், வெளியே இருந்து பூவோ பழமோ கொண்டுவரக் கூடாது, பார்க்க வருகிற குப்பத்து ஆட்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும். இதில் கடைசிதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. அங்காளம்மாவின் அக்கா ஒருத்தி வராந்தாவில் நின்று, "கூடப் பொறந்தவள பாக்கக்கூடாதுன்னு இன்னா சட்டம்?" என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். வடிவேலு கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் நிர்வாக அலுவலர் ஜெபராஜ் ஜெயக்கொடியைக் கூப்பிட்டார். மென்மையாகப் பேசுகிறவர்.

"நீங்க கண்டுபிடிச்சது பெரிய விஷயம்மா. ராஜகோபால் சாரே சொன்னார். ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துடுங்க. வீட்டுல மாத்திரை மாறிப் போயிடுச்சு, இங்க கண்டுபிடிச்சோம். அவ்வளவுதான்."

"இங்கயும் ரெண்டு டோஸ் குடுத்திருக்கோம் சார்."

"அது மருந்துத் தாள்ல இருக்கே. யாரும் அழிக்கல. விளக்கத்துல தனியா எதுக்கு? வீட்டுல தப்பு நடந்தது உண்மைதான?"

"உண்மைதான் சார். ஆனா அது மட்டும் எழுதினா அந்தப் பையன்தான் அம்மாவ இப்படி ஆக்கினான்னு ஆயிடும்."

ஜெபராஜ் பேனாவை மூடித் திறந்தார். "உங்களுக்குத்தான் பிரச்சனை வரும்."

"வரட்டும் சார்" என்று அவள் சொன்னாள். ஆனாலும், இந்த வேலை போனால் அடுத்தது எங்கே, எத்தனை பஸ் மாறிப் போக வேண்டியிருக்கும் என்று மனம் தன்பாட்டுக்கு ஓடியது. வெளியே வந்து உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினாள். செவ்வாய்க்கிழமை உறுத்தியதையும், மணி அடித்ததும் விட்டுவிட்டுப் போனதையும் எழுதினாள். கொண்டுபோய்க் கொடுத்தபோது மேசையில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. ஹேமநாத்தின் கையெழுத்து. அவரை யாரும் எழுதச் சொல்லவில்லை என்று பிறகு ஷீலா சிஸ்டர் சொல்லித் தெரிந்தது.

அறைக்குள் வேலை அதன் போக்கில் நடந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாய் கொப்பளிக்க வைப்பது. பிரஷ் கூடாது, துணியால் மட்டும். சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் வாயை மரக்கச் செய்யும் களிம்பு. அப்புறம் ஆறிய கஞ்சி, ஸ்பூனால் ஒவ்வொரு வாயாக. உட்காரும் இடத்தில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது. ரத்தம் நிற்காது என்பதால் ஊசி குத்தின இடத்தை ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிப்பது. சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதுவது. சிறுநீரகம் வேலை செய்தால்தான் உள்ளே தங்கிய மருந்து வெளியேறும். அங்காளம்மா பேச முடியாததால் கையாலேயே திட்டினாள். கஞ்சி வேண்டாம் என்றால் ஸ்பூனைத் தட்டிவிடுவாள். வடிவேலு கெஞ்சினால் அவன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை நிலைமை மோசமானது. காலை பத்து மணிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காய்ச்சல் நூற்று மூன்றரை. வெள்ளையணு அறுநூறு. தட்டணு பதினோராயிரம். பல் ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. ராஜகோபால் விடுமுறை நாளிலும் வந்து கிருமிக்கான மருந்தை மாற்றினார். தட்டணு ஏற்ற வேண்டும், ரத்தம் கொடுக்க ஆட்கள் வேண்டும் என்றார். வடிவேலு ஒரே ஒரு போன்தான் செய்தான். இரண்டு மணி நேரத்தில் குப்பத்திலிருந்து ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். சிலர் கரையிலிருந்து நேராக வந்திருந்தார்கள்; வேட்டி ஓரம் இன்னும் ஈரம். ரத்த வங்கியில் ஆறு பேருக்குத்தான் வேலை இருந்தது. மற்ற மூன்று பேரும் திரும்பிப் போகாமல் மாலை வரை வராந்தாவிலேயே நின்றார்கள்.

அன்று முழுவதும் ஜெயக்கொடி அறையை விட்டு அதிகம் நகரவில்லை. ஷிப்ட் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் இருந்தாள். துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து ஈறில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது அங்காளம்மா அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். கெட்டியான பிடி. அந்தப் பிடியில் ஜெயக்கொடிக்கு நிம்மதி வரவில்லை. இவளுக்கு இன்னும் தெரியாது என்றுதான் தோன்றியது.

வெள்ளையணு செவ்வாய் அன்று எழுநூறு. புதன் ஆயிரத்து நூறு. வியாழன் இரண்டாயிரத்து நானூறு. தாளைப் பார்த்து ஹேமநாத் வார்டிலேயே சத்தமாக "அப்பாடா" என்றார். வாய்ப்புண் ஓரங்களிலிருந்து ஆறத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை அங்காளம்மா முதல் தடவையாகக் கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்று சொன்னாள்.

அன்றைக்கே ஜெயக்கொடி சொல்லிவிட்டாள். வடிவேலு பக்கத்தில் இருந்தான். அவன் தன் பங்கை முதலில் சொன்னான். பிறகு அவள் தன்னுடையதைச் சொன்னாள். அங்காளம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவனுக்கு ஒண்ணும் தெரியாது. எட்டாவதோட நின்னவன். ஆனா நீ?" என்றாள்.

"ஆமாம்மா."

"சிரிச்சிக்கினே தான குட்த்த. முழுங்கும்மான்னு."

ஜெயக்கொடி தலையை ஆட்டினாள்.

"போ நீ" என்று சொல்லிவிட்டு அங்காளம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஜெயக்கொடி கையால் எதையும் வாங்கவில்லை. மாத்திரை, கஞ்சி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எல்லாம் அடுத்த நர்ஸ் அனுப்பிரியா கொடுத்தால்தான். ஜெயக்கொடி அதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. செய்ய வேண்டியதை எடுத்து வைப்பாள், அனுப்பிரியா உள்ளே போவாள். வடிவேலு சங்கடப்பட்டு, "அது அப்படித்தான் சிஸ்டர், கோவம் வந்தா எங்கப்பாவையே ஆறு மாசம் பேசாம இருந்துச்சு" என்றான்.

மறு திங்கள் அங்காளம்மா வீட்டுக்குப் போனாள். கிளம்பும்போது ஷீலா சிஸ்டரிடமும் அனுப்பிரியாவிடமும் சொல்லிக்கொண்டாள். ஜெயக்கொடி மருந்து அலமாரிப் பக்கம் நின்றாள். அங்காளம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் போனாள்.

அதே வாரம் மெமோ வந்தது. ஜெயக்கொடிக்கு ஒன்று, ஹேமநாத்துக்கு ஒன்று. ஜெயக்கொடியை இரண்டு மாதத்துக்கு வார்டிலிருந்து எடுத்து, கீழே வெளி நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும் மேசையில் போட்டார்கள். வீட்டிலிருந்து நோயாளிகள் கொண்டுவரும் மாத்திரைகளை, மருந்தாளர் பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வார்டில் கொடுக்கக் கூடாது என்று ஓர் உத்தரவும் வந்தது. ஷீலா சிஸ்டர் அதை மருந்து அலமாரிக் கதவில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினாள். "உன்னக் கீழ போட்டது எனக்குப் புடிக்கல. ஆனா சொல்லி என்ன ஆகப் போகுது" என்றாள் ஜெயக்கொடியிடம்.

கீழே வேலை குறைவு. காலை எட்டு முதல் பதினொன்று வரை கூட்டம், அப்புறம் வெறுமை. அந்த வெறுமையில்தான் அவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பத் திரும்ப வந்தது. பதினாலாம் படுக்கைக்கு எதற்காக ஓடினாள் என்று யோசித்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு மின்விசிறி வேகம் குறைக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் அங்காளம்மா வந்து உட்கார்ந்தாள். பின்னால் வடிவேலு நின்றான். உடம்பு இளைத்திருந்தது, தலைமுடி நிறையக் கொட்டியிருந்தது. ஆனால் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது.

சீட்டில் ராஜகோபாலின் கையெழுத்து. முழு ரத்த எண்ணிக்கை பார்க்கச் சொல்லியிருந்தார்.

"அனுப்பிரியாவ மேல இருந்து கூப்பிடட்டுமாம்மா?" என்று ஜெயக்கொடி கேட்டாள்.

"எதுக்கு?"

"நான் எடுக்கறது உங்களுக்கு..."

"கோவம் கீது" என்றாள் அங்காளம்மா. "இல்லன்னு சொன்னா பொய். ராத்திரி வாய் எரியற மாதிரி கனா வந்தா உன் மூஞ்சிதான் வருது. ஆனா நீ சொல்லலன்னா எனக்கு எங்க தெரிஞ்சிருக்கும்? இவன் மேலயே பழியப் போட்டுக்கினு சாவற வரைக்கும் மூஞ்சியத் திருப்பிக்கினு இருந்திருப்பேன்." சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை மேசைமேல் நீட்டினாள். "எடு. மேல கீற அந்தப் பொண்ணுக்கு ஊசி குத்தவே தெரில. மூணு தபா குத்துச்சு."

வடிவேலு சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

அங்காளம்மாவின் விரல் மூட்டுகள் இன்னும் வீங்கித்தான் இருந்தன. மூட்டு டாக்டர் வேறு மருந்து ஆரம்பித்திருப்பதாக வடிவேலு சொன்னான். மீன் வெட்ட இன்னும் வரவில்லை. இப்போதைக்கு மருமகள் வெட்டுகிறாள், அங்காளம்மா பக்கத்தில் உட்கார்ந்து விலை மட்டும் சொல்கிறாள்.

"அந்தப் புது மாத்திரை எப்ப சாப்பிடறீங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஜெயக்கொடி கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

"காலீல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சோறு துன்னுட்டு. மெடிக்கல்ல அட்ட மேலயே எயுதித் தரச் சொன்னேன். அத்த டாக்டராண்டயும் காட்டிக் கேட்டுக்கினேன், கரீக்டான்னு. இவனுக்கு இப்ப என்னிய நம்பற வேல இல்ல, எனக்கு இவன நம்பற வேல இல்ல."

ஜெயக்கொடி குழாயில் ஒட்டுவதற்காக லேபிளை எடுத்தாள். "பேர் சொல்லுங்கம்மா."

"என் பேரு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்கதான் சொல்லணும்."

அங்காளம்மா ஒரு நொடி அவளை முறைத்தாள். பிறகு பெயரையும், வயதையும், குப்பத்தின் பெயரையும் ஒவ்வொன்றாக, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது.